தட்டினால் தெரியும்

வலது கையில் சின்னச் சுத்தியல். இடது கை சக்கரத்தின் மேல் விரிந்து கிடக்கிறது. டொக். அரை விரல் தள்ளி, மறுபடி டொக். தட்டுவது ஒரு கை, கேட்பது இன்னொரு கை. நாற்பது கிலோ பாலாடைக்கட்டிச் சக்கரத்தை ஒரு சுற்று முழுக்கத் தட்டாமல் அந்தக் கைகள் கத்தியைத் தொடுவதில்லை.

எதிர் மீன்கடையில் தண்ணீர்க் குழாயை மூடுகிறார்கள். இத்தாலியின் மோதெனா நகரத்து அல்பினெல்லிச் சந்தையில், இரும்புக் கூரைக்கடியில், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இப்படி ஓர் அமைதி நோர்மாவுக்காக மட்டும்தான் விழும்.

நோர்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. ஒரு காது முழுச் செவிடு, மற்றது பாதி. மாமனார் கடைக்கு மருமகளாக வந்தவள். அவர் சொல்லித்தரவில்லை, மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் ஒவ்வொரு சக்கரமாகத் தானே தட்டிப் பழகினாள். காது மங்க மங்க உள்ளங்கை கூர்மையானது. கண்ணாடிக்குப் பின்னாலுள்ள முன்பலகையில் அவள் கணவர்கூட ஒரு துண்டை வைத்துவிட முடியாது. "உங்க கையில தூசி" என்பாள், தூசி இல்லாவிட்டாலும்.

இன்றைய சக்கரம் மிலேனாவுடையது. மலைப்பக்கத்துப் பாலாடைக்கட்டி ஆலையில் எட்டு வருடம் அடுத்தவரின் பால் கொப்பரைக்கு எடுபிடியாக நின்றவள், முதல்முறையாகத் தானே செய்த நாற்பது சக்கரங்களில் ஒன்று. இரண்டு வருடம் காய்ந்திருக்கிறது. நன்றாகத் திறந்தால் கிறிஸ்துமஸுக்கு நாற்பதையும் நோர்மா எடுத்துக்கொள்வாள். உள்ளே பொத்தல் இருந்தால் கொப்பரை வேறு ஆளுக்குப் போகும் என்று ஆலை முதலாளி சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்.

காலையில் சக்கரம் மரப்பெட்டியின் மேல் வந்து இறங்கியதுமே பக்கத்துப் பன்றித்தொடைக் கடை நேரியோ விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள காலி! நான் குடியே போகலாம்!" என்று கத்திவிட்டார். சேதி நடு நீரூற்றைத் தாண்டிக் காய்கறிக் கடைகள்வரை ஓடி, பாதிச் சந்தையை இங்கே கூட்டிவந்துவிட்டது.

"நோர்மாம்மா, அவர் சொன்னது..." மிலேனா சக்கரத்தையே பார்க்கிறாள்.

"யாரு, நேரியோவா? எலும்பு ஊசியப் பன்றித்தொடையில குத்தி மோந்து பாக்கிற ஆளு. மூக்கு வேலைக்காரனுக்குக் காது எதுக்கு?"

"என் காது பொய் சொல்லாது, தாயே! ஒரு காப்பி பந்தயம்!"

"ஒண்ணா? கஞ்சப்பயலே! நிக்கிற எல்லாருக்கும் வாங்கு."

"எனக்குப் பால் விட்டது!" மீன்கடையிலிருந்து ஒரு குரல்.

நோர்மா சுத்தியலைக் கீழே வைக்கிறாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொக்கிக் கத்தி சலவைக்கல்லின் மேலிருக்கும் சக்கரத்தைச் சுற்றி ஒரு கோடு கிழிக்கிறது, தோலின் ஆழத்துக்கு மட்டும். பிறகு பாதாம்கொட்டை வடிவக் குட்டைக் கத்திகள்: இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று. அறுப்பதில்லை, அழுத்திவிட்டுக் காத்திருக்கிறாள். "வா தங்கம். அவசரமில்ல, வா." பின்னால் நிற்பவர்கள் வெங்காயக் கூடைகள்மேல் ஏறிவிட்டார்கள்.

உள்ளே ஏதோ முனகுகிறது. கோடு நூலளவு விரிகிறது, பிறகு விரலளவு. சக்கரம் தானாக இரண்டாகிறது.

வைக்கோல் மஞ்சள். பாறை உடைந்ததுபோல் சொரசொரப்பு, அங்கங்கே வெள்ளைப் புள்ளி. ஒரு பொத்தல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. வாசனை மூன்று கடை தாண்டிப் போகிறது. கூச்சல் கூரைக்குப் போகிறது.

"அப்ப நான் கேட்டது என்னது?" நேரியோ விடவில்லை.

நோர்மா குனிந்து, காலையில் சக்கரம் இறங்கியிருந்த மரப்பெட்டியைச் சுத்தியலால் தட்டுகிறாள். டம், டம் என்று அது காலியாக அதிர்கிறது.

"இதுல வேணா குடி போ."

சிரிப்பு அடங்குவதற்குள் காப்பிக் கடைக்காரன் கோப்பைகளை எண்ண ஆரம்பித்துவிட்டான். நோர்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. முன்பலகையில் இருந்ததையெல்லாம் ஓரம் தள்ளி, இடுப்பில் கட்டிய துணியால் இரண்டு தடவை துடைக்கிறாள். பாதிச் சக்கரத்தை மார்போடு அணைத்துத் தூக்கி மிலேனாவின் கைகளில் கொடுக்கிறாள்.

"நீயே வை."