ஐந்து கிராம் ஈரம்

அட்டை கடித்த காலோடு நடந்து படித்து, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் முழு மதிப்பெண். மீன்வளப் படிப்பில் இடம். "மலையில ஏதுங்க கடலு, இவ மீன் படிக்கறதுக்கு?" என்று சிரித்த கீழ் கோத்தகிரி வாய்களை அடைத்தது. மூன்றாம் முறை எழுதிப் போட்டுக் கிடைத்த ஆய்வு உதவித்தொகை. தோட்டக் குடியிருப்பில் பிறந்த ஜீவிதா இத்தனையும் வென்றாள். ஒரு கோடுதான் அவளுக்கு மசியவில்லை.

கணினிக்குள் அவள் ஓர் அணை வைத்திருந்தாள். அதில் மீன்கள் பிறந்தன, தின்றன, வளர்ந்தன, செத்தன. பல வருடம் ஓடவிட்டால் வரவும் சாவும் ஈடாகி, குஞ்சிலிருந்து பெரிய மீன்வரை ஒவ்வோர் அளவிலும் எண்ணிக்கை ஏறாமல் இறங்காமல் நிற்கவேண்டும். நின்றால்தான் எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்ல முடியும். ஆனால் குஞ்சுகள் தேறவே இல்லை. எண்ணிக்கையைக் காட்டும் கோடு சரிந்துகொண்டே போய் அணை காலியானது. வெள்ளிக்கிழமை பேராசிரியர்களிடம் காட்டவேண்டும். தவறினால் ஆய்வு அத்தோடு சரி. அறிக்கையில் கையெழுத்தும் போடமாட்டேன் என்றாள். "கோடு நின்னாத்தான் எம் பேரு."

புதன்கிழமை நல்ல மழை. அண்ணன் தினகரன் எஸ்டேட்டில் தேயிலை எடை போட்டுக்கொண்டிருந்தான். இலை பறிக்கும் மாரியாயியின் மூட்டையில் ஈரத்துக்காக ஒரு கிலோ கழித்தான்.

"ஏனுங் எடைக்காரரே, நான் இலையக் கிள்ளுனனா, மழையக் கிள்ளுனனா?"

எல்லோரும் சிரித்தார்கள். தினகரனுக்கு மட்டும் பேனா நின்றுவிட்டது. ஏப்ரலில் நிஜ அணையில், கணினிக்குக் கொடுக்கத் தங்கைக்காக நானூற்றுப் பன்னிரண்டு மீன்களை எடை போட்டவன் அவன்தான். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கிராம் ஈரம் கழித்தே எழுதியிருந்தான். யாரும் சொல்லவில்லை, பழகிய கை. பெரிய மீனுக்கு அது தூசு. இருபது கிராம் குஞ்சுக்கோ கால் உடம்பு. கால் உடம்பு போன குஞ்சு கணினியில் எப்படித் தேறும்?

இலை எடை முடிந்ததும் நேரே வீட்டுக்கு நடந்தான். சொன்னால் இரண்டு வருட உழைப்பும் குப்பையாகிவிடுமோ? சொல்லாமலும் முடியாது. சொன்னான்.

"தொடைச்சுத் தொடைச்சுத்தானுங்ணா குடுத்தேன்! அதுல ஏதுங்ணா ஈரம்?" அவள் குரல் உடைந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "அத்தனைக்கும் அஞ்சேதானா? ஒண்ணுக்குக்கூட மாத்தலையா?"

"எடையில எவனுக்காச்சும் ஓரவஞ்சன பண்ணியிருக்கனா, சாமி?"

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு எடைகளிலும் ஐந்தைத் திருப்பிச் சேர்த்தார்கள். அவன் வாசிக்க அவள் அடித்தாள், பிறகு அவள் வாசிக்க அவன் சரிபார்த்தான். மறுநாள் காலை ஓடவிட்டாள். கோடு எகிறியது, விழுந்தது. தினகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அண்ணா, பாருங்க."

கோடு மெல்ல ஆடி அடங்கியது. இன்னும் இருநூறு வருடம் ஓடவிட்டாள். அசையவில்லை.

பேனா கேட்டாள். தன் ஆய்வறிக்கையின் கீழே ஜீவிதா முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 21 செப்டம்பர் 2023, வியாழக்கிழமை.