மாடிக்கு எத்தனை எல்லை?

வக்கீல் தொழிலில் பேசுவதற்குத்தான் கூலி; காது கொடுப்பதற்குக் கிடையாது. இது தெரியாமல், சட்டப் படிப்பு முடித்த சூட்டோடு திருவள்ளூர் வக்கீல்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடத்த ஒப்புக்கொண்டேன். ஒரே கட்டடத்தில் மாடிக்கொரு சொந்தக்காரர் இருக்கும் வீடுகளுக்குப் பம்பாயில் தனிச்சட்டம் வந்துவிட்டது, இங்கேயும் வரும், தயாராகுங்கள் என்று சொல்வது என் வேலை. உங்களைவிட மூத்தவர்களுக்குப் பாடம் எடுத்த பாவிகளே, நீங்கள் என் இனம், மேலே படியுங்கள்.

படிக்கட்டு யாருடையது?

கரும்பலகையில் ஒரு மாடி வீடு வரைந்தேன். கீழே ஒருவர், மேலே ஒருவர். படிக்கட்டு யாருக்குச் சொந்தம்? இருவருக்கும் பொது என்று ஒரு வாயாவது சொல்லும் எனக் காத்திருந்தேன். பத்திரம் எழுதியே தலை நரைத்த துரைக்கண்ணு வக்கீல் பொடியை உறிஞ்சிவிட்டு அருளினார்: "எவன் ஏறிக்கினு இருக்கானோ, அந்த நேரத்துக்கு அவனுதும்மா."

மாடியில் கிணறு

அடுத்த வாரம் ரோசம்மா தன் வீட்டுப் பத்திரத்தோடு என்னிடம் வந்தார். கணவர் ஷிப்டு ஷிப்டாக உழைத்த காசில் திருநின்றவூரில் மாடி வீடு வாங்கியவர். பத்திரம் நம் துரைக்கண்ணுவின் கைவண்ணம். நிலம் விற்கும் பழைய பத்திரத்தை அப்படியே பார்த்து எழுதியிருந்தார். கிணறு உண்டு, தென்னை உண்டு, பூமிக்கடியில் புதையல்கூட உண்டு; 'மாடி' என்ற சொல்தான் இல்லை! கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நாலு எல்லை. மேலே என்ன, கீழே என்ன என்று ஒரு வரி கிடையாது. மாடி வீட்டுக்கு எதற்கு சார் புதையல் என்று துரைக்கண்ணுவிடம் எகிறினேன். "இருந்துட்டுப் போட்டுமேம்மா, பார்ட்டி மனசு குளிர்ந்துடும்."

பூட்டு

கீழ்வீட்டுப் பஞ்சாட்சரத்தின் பத்திரத்திலும் அதே நாலு எல்லை. அதுவும் அவருடையது முந்திய பத்திரம். யாரோ அதைப் படித்துக் காட்ட, மொத்தக் கட்டடமும் தனக்கே என்று படிக்கட்டுக் கதவைப் பூட்டிவிட்டார். நான் போனபோது ரோசம்மா இடுப்பில் குடத்தோடு கத்திக்கொண்டிருந்தார்: "என் ஊட்டுக்குப் போக வழி கேக்கறேன் நைனா, உன் ஊட்டையா கேக்கறேன்?"

நான் சட்டம் பேசினேன். மனிதர் கொட்டாவி விட்டார். "சரி சார், மாடியும் உங்களுதே. ஒழுகினா நீங்கதான் பூசணும், பஞ்சாயத்து வரியும் ரெண்டு வீட்டுக்கும் நீங்கதான் கட்டணும்" என்றேன். மடியிலிருந்து சாவி வந்தது. "மாடி அந்தம்மாதுதான்னு நான் எப்பவோ சொல்லிக்கினுதானே கீறேன்!"

மாதிரிப் பத்திரம்

அவர் மனம் மாறுவதற்குள், விற்றவரையும் இழுத்துவந்து பிழைதிருத்தல் பத்திரம் பதிந்தாயிற்று. ரோசம்மாவின் வீடு ரோசம்மாவுக்கே. இந்த முறை ஆறு எல்லை: மேலே மொட்டைமாடி, கீழே பஞ்சாட்சரம் வீடு. அதையே வகுப்பில் மாதிரியாகக் கொடுத்தேன். அத்தனை வக்கீல்களும் பயபக்தியோடு நகல் எடுத்ததைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பிறகு செவ்வாப்பேட்டை மாடி வீடு ஒன்றுக்குத் துரைக்கண்ணு எழுதிய புதுப் பத்திரம் கைக்கு வந்தது. ஆறு எல்லையும் இருந்தன. கீழே: பஞ்சாட்சரம் வீடு. அங்கே கீழே இருப்பதோ ஒரு மாவு மில்! கேட்டால் அவருக்குத்தான் கோபம்: "இது மாதிரியே எழுதுங்கன்னு நீதானேம்மா சொன்னே?"

சட்டம் வரும்போது வரட்டும். அதற்குள் பஞ்சாட்சரம் இந்த ஜில்லாவின் எல்லா மாடிகளுக்கும் கீழே குடியேறிவிடுவார்.