பாசி பிடிக்காத தண்ணீர்

எங்கள் கண்மாயில் மீன்பிடித் திருவிழாவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கரையில் நிற்பவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவர் காலும் தண்ணீரில் படக்கூடாது. பிடித்த மீனை விற்கவும் கூடாது, வீட்டுக் குழம்புக்குத்தான். இந்த வருடம் துண்டு வீசும் முறை எங்கள் வீட்டுக்கு. அப்பா வீசிய இடத்தில் நான் நிற்கப்போகிறேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கண்மாய் முழங்காலளவுக்கு வற்றிவிட்டது. மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. மேற்கே கைவிடப்பட்ட சுரங்கப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் தளும்பிக் கிடந்தது. தோண்டியவன் வேண்டியதை அள்ளிக்கொண்டு, ஒரு வேலிகூடப் போடாமல் போய்விட்டான். "பாசிகூட இல்லங்க, கண்ணாடி மாதிரி இருக்கு" என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். பாசியும் தவளையும் அண்டாத தண்ணீரைச் சுத்தம் என்று நம்பிய முட்டாள் நான். டீசல் என்ஜினை வைத்து இரண்டு நாள் கண்மாய்க்கு வரும் ஓடையில் இறைத்துவிட்டேன்.

ஓடைக் கல்லெல்லாம் துருவேறிச் சிவந்தது. மூன்றாம் நாள் காலையில் கெண்டையும் விராலும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

ஜீப்பில் வந்த அதிகாரி பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். வெட்டிப் போட்ட பாறையில் காற்றும் மழையும் பட்டு அமிலம் ஊறியிருக்கிறதாம். ஒவ்வொரு மழைக்கும் அது ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்துகொண்டுதான் இருந்ததாம். இவ்வளவு தெரிந்தவர்கள் அங்கே ஒரு பலகை நட்டிருக்கலாமே!

"தண்ணிய எறைச்சது யாரு?" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "தோண்டுனது யாருன்னு மொதல்ல கேளுங்க சார். அவன் வீட்டுக்கு ஒங்க ஜீப்பு போகாதா?" என்று கத்தினேன். அவர் பாட்டிலை மூடிக்கொண்டு கிளம்பினார். இறைத்தது நான்தான் என்று அவரிடம் சொல்லவே இல்லை.

திருவிழா நாளில், சேதி தெரியாத வெளியூர்க்காரர்கள் மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடைகளோடு வந்தார்கள். கரையில் நின்று திருப்பி அனுப்பினேன். ஆலங்குடி பஸ்ஸில் வந்திறங்கிய ஓர் அம்மாவிடம் தோண்டியவனையும் அதிகாரியையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அவனுக நாசமாப் போகட்டும். அந்தத் தண்ணிய இங்கிட்டுத் திருப்பிவிட்டது யாருங்க?"

"நான்தாங்க" என்றேன்.

அவர் காலி ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினார். துண்டு என் தோளிலேயே கிடந்தது.