மொட்டை மாடியில் நின்றவர்

திண்டிவனத்தில் நான் மேனேஜராக இருந்த கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நேரத்தில் ஏசி நின்றுவிட்டது. மெக்கானிக்கோடு மொட்டை மாடிக்குப் போனேன். ஒல்லியானவர், நரைத்த மீசை. மெஷினைத் தொடும் முன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். கண்ட்ரோல் போர்டில் ஒயரை மாற்றி சுவிட்சைப் போட்டபோது அவருக்கு போன் வந்தது.

“அப்பா செத்துட்டாராம். வளவனூர்ல.”

“நீங்க கிளம்புங்க.”

“இருங்க சார். நின்ன கம்ப்ரசரை போர்டு உடனே ஓட விடாது, கொஞ்ச நேரம் கழிச்சுதான் எடுக்கும். பாத்துட்டுப் போறேன்.”

வெயிலில் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றுமில்லை. கம்ப்ரசர் ஓடியதும் பையை எடுத்தார்.

“பின்பக்கம் வழி இருக்குதுங்களா? எனக்குத் தீட்டு. கல்யாணத்துக்கு நடுவுல போவக்கூடாது.”

இரும்புப் படியைக் காட்டினேன்; இறங்கிப் போய்விட்டார். நான் கீழே வந்தபோது மண்டபம் குளிர ஆரம்பித்திருந்தது. யாரோ என் கையில் அட்சதையைக் கொடுத்தார்கள். போட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.