சாம்பார் பொடி டப்பாவில் பதினேழாவது அடுக்கு

அந்த மாதம் முடிந்தால் என் உதவித்தொகையும் முடியும். மூன்று வருடமாக ஒரே வேலை: பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள தூசியை முப்பது அடுக்காகப் பிரித்து, உள்ளிருந்து எவ்வளவு ஒளி தப்பித்து வெளியே வரும் என்று கணக்குப் போடுவது. அடுக்குக்கு ஒரு துளை அட்டை; அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அட்டையில் குத்திய துளைகளைத்தான் படிக்கும். கிண்டிப் பக்கம் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் நகம் கடித்துக்கொண்டு நிற்பேன். ஆபரேட்டருக்கு என்னைப் பார்த்தாலே சலிப்பு.

"இன்னா சார், சும்மா வந்துகினே கீற? நாளிக்கி வா."

மறுநாள் வந்த விடையை வரைபடமாகப் போட்டேன்; கோடு, தொலைநோக்கியில் அளந்த புள்ளிகள்மேல் அச்சாக உட்கார்ந்தது. மூன்று வருடத்தில் முதல் முறை. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பேராசிரியர் வரைபடத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அவர் வெளிநாட்டு மாநாட்டுக்குக் கிளம்புகிறார்.

வியாழன் சாயங்காலம், மயிலாப்பூர் வீட்டில், மனைவி கேட்டாளே என்று சாம்பார் பொடி டப்பாவை எடுத்துத் திறந்தேன். பொடிமேல் ஓர் அட்டை. மிஷினில் அரைக்கக் கொடுத்த சாமான் பட்டியல், அவள் கையெழுத்தில். எங்கள் வீட்டில் பழைய துளை அட்டைதான் எல்லாவற்றுக்கும் காகிதம். திருப்பிப் பார்த்தேன். இது பழையது இல்லை. பதினேழாவது அடுக்கு.

"மேஜைமேல இருந்ததுலேர்ந்து எடுத்துண்டேன். ஏன்னா, வேணுமா அது?" என்றாள்.

எத்தனை அட்டை வருகிறதோ அத்தனை அடுக்கு என்று புரோகிராம் எழுதிய மேதாவி நான்தான். இருபத்தொன்பது அட்டைதான் போயிருக்கிறது, கம்ப்யூட்டர் ஏன் என்று கேட்கவில்லை; தூசி குறைந்தது, ஒளி கூடியது, அவ்வளவுதான். இந்த டப்பாவைத் திறக்காமலே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். வெட்கக்கேடு, ஆனால் நினைத்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லை. அடையாறில் இருந்த பேராசிரியர் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் அட்டையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"மல்லி வாசனை அடிக்கறதே. வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது சார்."

விட்டுத்தள்ளு என்று சொல்லமாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்தேன். அதற்காகத்தான் அவ்வளவு வேகமாக வந்தேனோ என்னவோ. அவர் பெட்டியைத் திறந்து வரைபடத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அதையும் சேர்த்து ஓட்டிப் பாரு."

மறுநாள் அவர் வரைபடம் இல்லாமல் விமானம் ஏறினார். நான் புது அட்டை குத்திச் சேர்த்து ஓட்டினேன். கோடு புள்ளிகளுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. மாதமும் முடிந்தது.

"இப்பவாவது சரியா வந்துதா?" என்றாள் மனைவி.

"சரியாத்தான் வந்தது," என்றேன். "ஒத்துத்தான் போகலை."