வைரவரின் சைவ நாய்கள்

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் நாய் வளர்த்தார். வளர்த்தார் என்று ஊர் சொன்னது. சேர்த்தார் என்று நான் சொல்வேன். யார் வீட்டில் வேண்டாத குட்டி இருந்தாலும் அவர் வாசலில் கொண்டுபோய் விட்டார்கள். வைரவருக்கு வாகனம் நாய். ஆகவே தெருவில் விட்டால் பாவம், கிராணி வாசலில் விட்டால் புண்ணியம். அவரும் யாரிடமும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதற்காக அவரைச் சாமி என்று கும்பிட்டோம். கும்பிட்டார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். காது ஒன்று மடிந்த கறுப்புக் குட்டியைச் சாக்கில் போட்டுத் தூக்கிப்போய் அங்கே உதறிவிட்டு, அவர் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு வந்தேன்.

நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. உள்ளே முப்பத்தோரு நாய்கள். மண்ணெண்ணெய்த் தகரம் வரும் பலகைப் பெட்டிகளில் இரண்டிரண்டாக அடைத்திருந்தார். உடம்பில் மயிர் இல்லை. சிலவற்றின் முதுகு பெட்டியின் அளவுக்கே வளைந்திருந்தது. கிராணிச் சாமி சைவம் என்பதால் நாய்களும் சைவம். தயிர்ச்சோறு, அதுவும் இருந்தால். தேய்பிறை அஷ்டமிக்கு மட்டும் ஊரார் கொண்டுவரும் வடை. நாய்க்கு மாதத்தில் ஒரு நாள்தான் பசிக்கும் என்று எங்கள் ஊர் முழுக்க நினைப்பு.

மகள் வந்து கிராணியைக் கிள்ளானுக்கு அழைத்துப்போனாள். "எம் புள்ளைங்கள என்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டு அழுதுகொண்டே போனார். மனிதர் கெட்டவரில்லை. அந்த நாய்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

தெருநாய் சுடும் ஆள் வந்து எட்டிப் பார்த்தான். மூன்று நாளில் யாரும் எடுக்காவிட்டால் தன் வேலையைச் செய்யப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். வடை கொண்டுவந்தவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கடைசியில் எடுத்தது பால்காரம்மா. மாடுகளை விற்றுவிட்டு வெறும் கொட்டகையோடு இருந்த கிழவி அவள்.

"எடம் இருக்கு தம்பி. தீனிக்கு நீ போயி நாலு பேரப் பாரு. வெறும் எடத்தத் தின்னு எதுவும் பொழைக்காது," என்றாள்.

நான் வைரவர் பூசைக் கமிட்டியிடம் போனேன். வாராவாரம் அரிசி தருவதாக உடனே ஒப்புக்கொண்டார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு கண்டிசன். மீன், எறச்சி கூடாது. சாமி வாகனம் பாருங்க."

"அண்ணே, அது நாய்."

"கிராணி வீட்ல சுத்தமா இருந்ததுங்க. நீங்க கெடுத்துடாதீங்க."

பால்காரம்மாவிடம் வந்து சொன்னேன். "எந்த மடத்துல தீட்சை குடுத்தாங்களாம்?" என்றாள். "சரின்னு சொல்லு. அரிசி வரட்டும்."

அன்றிலிருந்து பாசாரில் சீன மீன்காரன் ஒதுக்கிப்போடும் தலைகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போவது என் வேலை. அவள் வேகவைத்து, முள் எடுத்து, சோற்றுக்கு அடியில் புதைப்பாள். கமிட்டி ஆட்கள் கண்ணுக்காக மேலே ஒரு கரண்டி தயிர். மூன்று நாய்கள் அதற்கும் தேறாமல் செத்தன. மற்றவற்றுக்கு மயிர் முளைத்தது. தலைவர் வந்து தடவிப் பார்த்து, "பாத்தீங்களா, சைவத்தோட மகிமைய!" என்றார். பால்காரம்மா இருமுவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த அஷ்டமிக்குக் கமிட்டி வடைமாலையோடு வந்தது. ஒவ்வொரு நாய்க்கும் கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம். நாய்கள் வடையை முகர்ந்துவிட்டு வேறு பக்கம் பார்த்தன. நான் சாக்கில் கொண்டுபோய் விட்ட அந்த மடிந்த காது நாய் மாத்திரம் அடுப்புக்குப் பின்னால் போய், முழுசாக ஒரு கெம்போங் மீன் தலையைக் கவ்வி வந்து, தலைவரின் வெள்ளை வேட்டி ஓரத்தில் வைத்து வாலாட்டியது.

"ஏம்மா, இது என்னா?"

"பிரசாதம்," என்றாள் பால்காரம்மா.

அத்தோடு அரிசி நின்றது. போகும்போது ஞாபகமாக வடைமாலைகளையும் கழற்றிக்கொண்டு போனார்கள். பானையில் மறுநாளைக்குச் சோறு இல்லை.

நான் பட்டறையில் மதியச் சாப்பாட்டின்போது ஆத்திரம் தாங்காமல் இதைச் சொன்னேன். அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "நாய்க்கு வடைமாலையா? நமக்கு ஒருத்தன் போட மாட்டேங்குறானே!" என்றான் கொல்லன். சிரித்து முடித்து, தன் தூக்கில் மிச்சமிருந்த கருவாட்டுக் குழம்புச் சோற்றை ஒரு தகரத்தில் வழித்துப்போட்டான். அடுத்தவன் போட்டான். அந்தத் தகரம் குழாயடியிலேயே இருந்தது. தினமும் நிறைந்தது. அவர்களில் பாதிப்பேர் கள்ளுக்கடைவாசிகள். ஒருவன்கூட எந்த நாயையும் கும்பிட்டதில்லை. இருபத்தெட்டும் பிழைத்தன.

மடிந்த காது மட்டும் என் கையில் சாக்கைக் கண்டால் அடுப்புக்குப் பின்னால் ஓடிவிடும். பல நாள் எனக்கு ஏன் என்று புரியவில்லை. புரிந்த அன்று சாக்கை எறிந்துவிட்டு மீன் தலைக்கு ஒரு வாளி வாங்கினேன். அதற்குப் பிறகு அது ஓடவில்லை, வந்தது. வாளியிடம் வந்தது, என்னிடம் அல்ல.