பதினொரு விடயமும் ஒரு கதவும்

தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடம் படித்தவள் என்பதால், எந்தக் கார் வாங்குவது என்று தீர்மானிக்கும் வேலையை அப்பா என்னிடம் விட்டார். பட்டியல் போட்டேன். பெற்றோல், உதிரிப்பாகம், டிக்கியின் அளவு, வாவிக் காற்றில் தகரம் துருவேறிக் கறள் பிடிக்கும் வேகம். மொத்தம் பதினொரு விடயம்.

எங்கள் பழைய இங்கிலீசுக் கார் எல்லாவற்றிலும் தோற்றது. கூரை உயரம், ஆசனம் சாப்பாட்டு மேசைக் கதிரை மாதிரி, கதவு அலுமாரிக் கதவைப்போல அகலத் திறக்கும். ஜப்பான் கார்களோ வரவர நிலத்தோடு படுத்துக்கொண்டே வந்தன. மூக்குச் சரிந்தது, முன்கண்ணாடி சாய்ந்தது, கூரை இறங்கியது. மூக்கிலிருந்து டிக்கி வரை ஒரே கோடாக ஓடும் அந்த வடிவத்தில் எனக்கு மயக்கம். பதினொன்றில் ஒன்றாக 'தோற்றம்' என்று அதையும் சேர்த்துக் கூடிய புள்ளி கொடுத்தேன். ஜப்பான் கார் வென்றது.

அம்மாவுக்கு முழங்கால் சரியாக மடங்காது. வாங்குமுன் ஏறிப் பார்க்கச் சொன்னோம். தலை குனிந்து, ஒரு காலைக் கையால் தூக்கி வைத்து ஏறினார். "ஒருக்கா ஏறி இருந்தாச் சரிதானே," என்றார்.

ஒருக்கா இல்லை. வீடு கல்லடியில், அம்மா படிப்பிக்கும் பள்ளிக்கூடம் பட்டினத்தில், நடுவில் பாலம். சண்டைக் காலம், பாலத்தின் இரு முனையிலும் இராணுவச் சோதனைச்சாவடி. ஓட்டுபவரைத் தவிர எல்லோரும் இறங்கி நடந்து, அடையாள அட்டை காட்டி, அப்பால் போய் ஏற வேண்டும். போக இரண்டு, வர இரண்டு. ஓட்டியது நான். வருடக்கணக்காகக் கடந்த பாலம், என் பட்டியலில் ஒரு வரியாகக்கூட வரவில்லை. காற்றைக் கிழிக்கும் வடிவம் என்று மயங்கினேனே, அந்தப் பாலத்தில் எந்தக் காரும் நடை வேகத்துக்கு மேல் போனதில்லை.

மெத்தை போட்டு ஆசனத்தை உயர்த்தினேன். அம்மாவின் தலை கூரையில் முட்டியது. சாவடியில் கம்பியால் குத்திப் பார்த்ததில் மெத்தையும் கிழிந்தது. காரையே உயர்த்த அடியில் வில்லுகளை மாற்றலாமா என்று கேட்டேன். "வண்டியில கைவெச்சா சாவடியில ஏன் எதுக்கெண்டு கேப்பானுகள். சும்மா இரு புள்ள," என்றார் அப்பா. பழைய காரை வாங்கியவர் அதை வாவிக்கு அக்கரையில் வெல்லாவெளிக்குக் கொண்டுபோய்விட்டார். திருப்பிக் கேட்க எனக்கு முகமில்லை.

அம்மா ஏறி முடிப்பதற்குள் பின்னால் பஸ் ஹோன் அடிக்கும். அம்மாவோடு படிப்பிக்கும் ஒருவர் பஸ் ஜன்னலால் தலையை நீட்டுவார். "என்ன ரீச்சர், காருக்குள்ள ஏறுறீங்களா, கிணத்துக்குள்ள இறங்குறீங்களா?" அம்மா சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முந்திப் புறப்பட்டாலும் சாவடி திறக்கும் நேரம் மாறாது. அம்மா பிந்தி வருவதாகப் பள்ளிக்கூட அதிபர் கடிதம் கொடுத்தார். உயர்தர வகுப்புக்கு அம்மா இரசாயனம் எடுத்தார். முதல் பாடமே அவருடையது. கடைசியில், கல்லடியிலேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டு எழுதினார். அங்கே ஐந்தாம் வகுப்பு வரைதான். தட்டச்சு செய்ய என்னிடம் தந்தார். காரணம் என்ற இடத்தில் 'முழங்கால் வருத்தம்' என்று இருந்தது.

"முழங்கால் பத்து வருசமா இப்பிடித்தானேம்மா. கார் எண்டு எழுதுங்க."

"கார் எண்டு எழுதினா ஆரு மாற்றம் தருவாங்க? இருக்கிறபடியே அடி புள்ள."

அடித்தேன். மூன்று பிரதி.